பம்புக்குப் பொட்டு வைத்தவன்

மீன் குளத்து ஃபில்டர் என்றால் பெரிய சைஸ் டீ வடிகட்டி என்றுதான் நான் நம்பியிருந்தேன். ஒரு பக்கம் தண்ணீர் அழுக்காகப் போகும், மறுபக்கம் சுத்தமாக வரும், நடுவில் தங்குகிற குப்பையைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. வடிகட்டியை அடிக்கடி கழுவுகிற வீட்டில் டீ நன்றாக இருக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் தம்போயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஒரு கூட்டமே ஸ்பானர் பிடிக்கிறது. தலையில் பாதி நரைத்துவிட்டது, மீதி கொட்டிவிட்டது. இப்படிப்பட்ட ஒருவன் நம்பினால் அது சரியாகத்தானே இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் எனக்கும் மீனுக்கும் இருந்த உறவெல்லாம் புளி கரைத்த குழம்போடு சரி. அழகுக்கு வளர்க்கிற ஜப்பான் கோய் மீன் என் வாழ்க்கைக்குள் வந்தது அத்தையோடு. அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. அவர்கள் யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா காலத்திலேயே அரசாங்க வேலைக்கு இந்த மலாய் மண்ணுக்கு வந்தவர்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி நான் மாமி என்று கூப்பிட வேண்டும். எங்கள் எஸ்டேட் பக்கத்தில் அத்தை. நான் அத்தை என்றே கூப்பிடுகிறேன், அவரும் திரும்பிப் பார்த்துவிடுகிறார், பிரச்சினை இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். மாமா போன பிறகு, எங்களிடமிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், தங்காக்கில் தனி வீட்டில், பின்கட்டில் ஒரு குளம், அதில் கோய் மீன்கள், இவை போதும் என்று இருந்தார்.

ஒரு வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கையில் கட்டுப் போட்ட பிறகு, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், சொல்லித்தான் அடிபட்டதே எங்களுக்குத் தெரிய வந்தது. அன்றிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. போன் அடித்தால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எடுப்பாள். பேங்க்காரன் கார்டு வேண்டுமா என்று கேட்டாலும் முதலில் "அம்மாவுக்கு என்ன?" என்பாள்.

"இன்னொரு தடவை அம்மா விழுந்தா நான் தாங்க மாட்டேங்க. இங்க கூட்டிட்டு வந்துடணும்" என்றாள்.

கூப்பிட்டோம். வர மாட்டேன் என்றார். மறுபடி கூப்பிட்டோம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்காக் வீட்டில் தோசையைப் பிட்டபடி ஒரு நிபந்தனை போட்டார்.

"மீனுகள் வந்தா நானும் வாறன். அதுகளுக்கு ஒழுங்கான தண்ணி இல்லாத வீட்டில எனக்கென்ன வேலை?"

"அவ்ளோதானா அத்தை? குளம்தானே, கட்டிட்டாப் போச்சு!"

இதைச் சொன்னது என் வாய். என்னைக் கேட்காமலே வேலை எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு எப்போதும் உண்டு.

எங்கள் வீடு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், மூலை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம். கார் நிறுத்துகிற இடத்தைத் தியாகம் செய்து, தொழிற்சாலை நண்பர்கள் இரண்டு பேரைப் பிரியாணி ஆசை காட்டிக் கூட்டிவந்து, குளத்தைத் தோண்டிச் சிமெண்ட் பூசி முடித்தோம். கார் வெயிலில் நின்றது. மீன் வருவதற்கு முன்பே மீனுக்காக வீட்டை விட்டு வெளியேறிய முதல் ஜீவன் அதுதான்.

அடுத்தது ஃபில்டர். ஸ்கூடாயில் ஒரு கோய் மீன் கடை இருக்கிறது. தவுக்கே, அதாவது சீன முதலாளி, எப்போதும் பனியனோடு இருப்பார், காலில் ரப்பர் பூட்ஸ். மலாயும் இங்கிலீஷும் கலந்து பேசுவார், நடுவில் எனக்குப் புரியாத ஹொக்கியன் சீனத்தில் திட்டுவார். அவர் சொன்னபடி மூன்று நீல டிரம்களை வரிசையாக வைத்தேன். குளத்தின் அடியிலிருந்து வரும் தண்ணீர் முதல் டிரம்மில் விழுந்து சுற்றும், கழிவு அடியில் தங்கும். இரண்டாவதில் ஜப்பான் மேட். தேங்காய் நார் மெத்தையைப் பிளாஸ்டிக்கில் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. மூன்றாவதில் ஓட்டை ஓட்டையான கற்கள். கடைசியில் பம்பு, தண்ணீரைத் தூக்கிக் குளத்தில் அருவி மாதிரி கொட்டுகிறது. சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் ஓடியது. குழாய் எங்கேயும் ஒழுகவில்லை. நான் எங்கள் தெருவையே ஒரு பார்வை பார்த்தேன்.

கடைக்குப் போய், முடிந்துவிட்டது, மீனைக் கொண்டு வரலாமா என்று கேட்டேன். தவுக்கே சிரித்தார்.

"உன் ஃபில்டர் இன்னும் பிறக்கவே இல்லைலா. வெறும் டிரம் அது. மேட்டுல குமான் வளரணும். நல்ல குமான். மீன் மூத்திரத்துல இருக்கிற விஷத்தை அதுதான் தின்னும். குமான் இல்லன்னா மீன் தன் மூத்திரத்துலயே சாகும்."

குமான் என்றால் மலாயில் கிருமி. என் வாழ்நாள் முழுக்கக் கிருமியைக் கொல்லத்தான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். வளர்க்கச் சொன்ன முதல் ஆள் இவர்.

"உன் மாமியார் வீட்டு ஃபில்டர் பழசுதானே? அதுல பாதி மேட்டை எடுத்து வந்து இதுல போடு. ஓடிக்கிட்டே இருக்கணும். நிறுத்தாதே. கழுவாதே. குளத்துல தினம் ஒரு பிடி தீனி போடு, அழுகட்டும், அதுதான் குமானுக்குச் சாப்பாடு."

நான் தலையாட்டினேன். கல்யாணமானவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டக் கற்றிருப்பான். கேட்டுக்கொள்வது வேறு இலாகா.

தங்காக்கிலிருந்து பாதி மேட்டுகளை உரச் சாக்கில் கட்டிக் காரில் ஏற்றி வந்தோம். பழுப்பு நிறத்தில் வழவழவென்று இருந்தன. மழை பெய்து நாலு நாள் ஆன கால்வாயின் வாசம். நெடுஞ்சாலை நெடுகிலும் என் மனைவி ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்து, தலையை வெளியே நீட்டாத குறையாக வந்தாள். அவற்றை இரண்டாவது டிரம்மில் வைத்து ஓடவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வெறுங்குளத்துக்குத் தீனி போட்டேன். எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர், பாக்சிக், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டார்.

"மீன் எங்கே?"

"இனிமேதான் வரும், பாக்சிக்."

"அப்ப யாருக்குச் சாப்பாடு?"

"கிருமிக்கு."

அவர் மெதுவாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அடுத்த முறை என் மனைவியைப் பார்த்தபோது என் உடம்புக்கு எதுவும் இல்லையே என்று விசாரித்தாராம்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஓரிடத்தில் உட்காரவில்லை. குளத்தின் மேல் ஒரு கேமரா மாட்டினேன். தொழிற்சாலையில் மீட்டிங் நடக்கும்போது மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு, தண்ணீர் விழுகிறதா என்று பார்ப்பேன். மேனேஜர் உற்பத்திக் குறைவு பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், நான் நிம்மதியாகப் புன்னகைப்பேன், அவர் முறைப்பார். வீட்டில் சாப்பிடும்போது பம்பு சத்தம் மாறின மாதிரி இருக்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். மாறியிருக்காது. வந்து உட்கார்ந்தால் சோறு ஆறியிருக்கும். "நீங்க குளம் கட்டுறீங்களா, குழந்தை பெத்துக்கப் போறீங்களா?" என்பாள் என் மனைவி.

அத்தை வருவதற்கு விஜயதசமியைக் குறித்தோம். எதையும் தொடங்க நல்ல நாள். மனைவி அறையைத் தயார் செய்தாள், அலமாரியைத் துடைத்தாள், புது விரிப்பு வாங்கினாள். விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆயுத பூஜை எங்கள் தொழிற்சாலையில் பெரிய காரியம். முதலாளி சீனர், ஆனால் அன்றைக்கு அவரே வெள்ளைச் சட்டை போட்டு வருவார். மெஷின் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, பிரதான சுவிட்சை இறக்கிவிடுவோம். வருஷம் முழுக்க உழைத்ததற்கு ஓய்வு. நேப்பாளத்துப் பையன்கள் தங்கள் ஊர் நினைவில் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள். மலாய்க்கார நண்பர்கள் சுண்டலுக்கு வரிசையில் நிற்பார்கள். முதலாளி தன் லேப்டாப்பைக் கொண்டு வந்து நீட்டி, "இதுக்கும் ஒண்ணு" என்பார். நான் வைப்பேன்.

அந்தச் சந்தனம் கையில் காயும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டிலும் வழக்கப்படி கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, மனைவியின் தையல் மெஷின், வெயிலில் வெளுத்த கார், எல்லாவற்றுக்கும் துடைப்பும் பொட்டும். கடைசியாக ஃபில்டர் பக்கம் போய் மூடியைத் திறந்தேன்.

பழுப்பு. வழவழப்பு. கால்வாய் வாசம்.

நாளைக்கு அத்தை வருகிறார். நர்ஸ். படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால் வார்டையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அவர் வந்து இந்த மூடியைத் திறந்தால்? என் கிரைண்டருக்கு இருக்கிற மரியாதை என் ஃபில்டருக்கு இல்லையா? தவுக்கே கழுவாதே என்றார், உண்மைதான். ஆனால் சோப்புப் போட்டுக் கழுவாதே என்ற அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார். மனுஷன் சொல்வதைப் புரிந்துகொள்ள ஒரு பக்குவம் வேண்டும்.

நான் சோப்புப் போடவில்லை. கார் கழுவுகிற பிரஷர் பைப்பை எடுத்து, குழாய்த் தண்ணீரில் ஒவ்வொரு மேட்டாக அடித்தேன். பழுப்பு கரைந்து கால்வாயில் ஓடியது. மேட் பச்சை நிறம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கற்களை அலசினேன். டிரம்மைத் தேய்த்தேன். மூன்று டிரம்முக்கும் சந்தனம், குங்குமம். பம்புக்குத் தனியாக ஒரு பெரிய பொட்டு, ஒரு முழம் மல்லிகை. கற்பூரம் காட்டினேன். சுவிட்சை நிறுத்தினேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தவுக்கே நிறுத்தக் கூடாதுன்னாரே?"

"அவருக்கு ஆயுத பூஜை தெரியுமா? எல்லாக் கருவிக்கும் ஒரு நாள் ஓய்வு. நானே தூங்குறேன், பம்பு தூங்கக் கூடாதா?"

மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டேன். குளத்தின் அடியில் ஒரு ஐந்து சென் காசு விழுந்தால் அதன் வருஷத்தைப் படிக்கலாம், அப்படி ஒரு தெளிவு.

மத்தியானம் லோரி வந்தது. பின்னால் பெரிய தொட்டியில் ஒன்பது மீன்கள், முன்னால் டிரைவர் பக்கத்தில் அத்தை, மடியில் கைப்பை. வலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி அவர் எதிரிலேயே விட்டோம். வெள்ளையில் சிவப்பு, வெள்ளையில் கறுப்பு, எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு மஞ்சள். அத்தை குளத்தோரம் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார்.

"எல்லாம் வந்துடுச்சா அத்தை?"

"வலையில வந்தது ஒன்பது."

"அங்க ஃபில்டர் எல்லாம்?"

"வீட்டைப் பூட்டிப்போட்டு வந்திட்டன்." பிறகு குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "தண்ணி வடிவா இருக்கு, தம்பி. மணம்தான் இல்லை."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தையின் பெட்டி அறையில் கட்டிலோரம் நின்றது. அலமாரி காலியாகவே இருந்தது. தினமும் காலையில் பெட்டியின் ஜிப்பைத் திறப்பார், அன்றைய உடுப்பை எடுப்பார், ஜிப்பை மூடுவார். அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். என் மனைவி அடுப்பில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிடுவாள். அலமாரியில் வைக்கச் சொல்லிக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இருக்கட்டும்மா, மீன் பழகினா அம்மாவும் பழகிடுவாங்க" என்றேன்.

மீன் பழகவில்லை. அந்த வாரத்துக்குள்ளேயே எல்லாம் அருவி விழுகிற இடத்தில் போய்க் கூடின. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, குளிரில் கை கட்டி நிற்கிறவர்கள் மாதிரி நின்றன. தீனி போட்டால் மிதந்தது. வெள்ளை மீனின் வயிற்றில் சிவப்பாக நரம்பு ஓடியது. வாயைத் திறந்து திறந்து மூடின. நான் கேமராவில் அதைப் பார்த்துவிட்டு, மீட்டிங்கில் என்னையறியாமல் நானும் வாயைத் திறந்து மூடியிருக்கிறேன். மேனேஜர், "ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

ஒரு போத்தலில் குளத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஸ்கூடாய்க்கு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. ஸ்கூடாய் ரோட்டில் சாயங்காலம் யாரும் ஓட முடியாது, கார் கூட. சிவப்பு விளக்கில் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மோட்டார்சைக்கிள்காரன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

தவுக்கே ஒரு சின்னக் குழாயில் தண்ணீரை ஊற்றி மருந்துச் சொட்டு விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது.

"ஆமோனியா. குமான் எல்லாம் செத்துப்போச்சு. மேட்டைக் கழுவினியா?"

"கழுவலை, தவுக்கே. வந்து... சாமி கும்பிட்டேன்."

விவரமாகக் கேட்டார். சொன்னேன். பிரஷர் பைப், பொட்டு, மல்லிகை, ஓய்வு. அவர் கண்ணை மூடி, ஹொக்கியனில் நீளமாக ஒன்று சொன்னார். அதில் என் பரம்பரை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"குழாய்த் தண்ணியில கிருமியைக் கொல்ற மருந்து இருக்குலா. அதுலயே கழுவிட்டு, மிச்சம் இருந்ததை ராத்திரி பூரா மூச்சு முட்ட வச்சிருக்க. நானும்தான் கடைக்குச் சாமி கும்பிடுறேன். அதுக்காக ஐஸ்பெட்டியை ஓஃப் பண்ணிட்டா கும்பிடுறேன்?"

"இப்ப என்ன செய்யறது?"

"அந்த மருந்தை முறிக்கிற சொட்டு விட்ட தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே இரு, தாக்குப் பிடிக்கும். ஆனா பழைய மேட் வேணும். என் கடை மேட் தர மாட்டேன், இப்பதான் புது மீன் இறக்கியிருக்கேன், வியாதி இருக்கலாம். மாமியார் வீட்டு மிச்சப் பாதி?"

"வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டாங்க."

"பம்பு நின்னுடுச்சுன்னா அந்த மேட்டும் செத்ததுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மஞ்சள் மீன் மல்லாந்து கிடந்தது. அத்தை அதைத் தன் கையாலேயே தூக்கிப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். கறிவேப்பிலை மரத்தடியில் நான் குழி தோண்டினேன். நான் வாயை மூடிக்கொண்டு தோண்டியது அக்கம் பக்கத்துக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"மேட்டைக் கழுவினனீங்களோ?" என்றார் அத்தை.

"ஓம்" என்றேன். பயத்தில் எனக்கு யாழ்ப்பாணத் தமிழே வந்துவிட்டது.

"பொட்டும் வச்சனீங்களோ?"

"ஓம்."

ஒரு கணம் அவர் உதடு துடித்தது, சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் மகளைப் பார்த்து, "நான் வந்திருக்கக் கூடாது, பிள்ளை. ஒரு லோரி பிடிச்சுத் தாங்கோ. மிச்சத்தையாவது கொண்டு திரும்பிப் போறன்" என்றார்.

மனைவி தண்ணீர் மாற்றுகிற குழாயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். "தங்காக் மேட் மட்டும் உயிரோட இருந்திருந்தா" என்றேன், சுவரைப் பார்த்து. "பம்பு நின்னு இத்தனை நாள் ஆச்சு, இனி எங்க..."

அத்தை கட்டு அவிழ்த்த தன் மணிக்கட்டைத் தடவினார். பிறகு கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"போய்ப் பாருங்கோ, தம்பி."

"செத்த மேட்டைப் போய் என்னத்த அத்தை பார்க்கிறது?"

"போய்ப் பாருங்கோ" என்றார் மறுபடி. "பெரிய வாளி ஒண்டு கொண்டு போங்கோ."

விடிந்ததும் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முந்தின இரவே தவுக்கேயிடம் கெஞ்சி வாங்கிய பேட்டரி ஏர் பம்பும், மூடி போட்ட ஒரு பெரிய பீப்பாயும் பின்சீட்டில் இருந்தன. மேட் காயவும் கூடாது, மூச்சு முட்டவும் கூடாது என்று அவர் கட்டளை. யோங் பெங் தாண்டும்வரை மனைவிக்குப் போன் மேல் போன். "எத்தனை இருக்கு?" "எட்டும் இருக்குங்க." பாகோவில் காப்பி வாங்கினேன். வாங்கின காப்பியைக் கார் கூரை மேல் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். அது நெடுஞ்சாலையில் யாருக்கோ அபிஷேகம் ஆனது. செத்துப்போன ஒரு பஞ்சை எடுக்க இத்தனை தூரம் போகிற முட்டாள் இந்த மாநிலத்திலேயே நான் ஒருவன்தான் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு போனேன்.

தங்காக் வீட்டின் முன்கதவைத் திறந்தேன். ஜன்னல்கள் மூடியிருந்தன. சோபா மேல் துணி போர்த்தியிருந்தது. பின்கட்டுக் கதவில் சாவியைப் போடும்போதே கேட்டது, தண்ணீர் விழும் சத்தம்.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

குளத்தில் ஒரு மீன் இருந்தது. கறுப்பு, கோடும் இல்லை, புள்ளியும் இல்லை, எந்தப் போட்டிக்கும் யாரும் அனுப்பாத முகம். துடுப்பை விரித்துக்கொண்டு, வீட்டுக்காரன் மாதிரி நிதானமாக என்னை நோக்கி வந்தது. ஃபில்டர் மூடியைத் திறந்தேன். பழுப்பு. வழவழப்பு. கால்வாய் வாசம். எனக்கு அந்த வாசத்தில் அழுகை வந்தது என்று சொன்னால் என் நண்பர்கள் சிரிப்பார்கள், அதனால் சொல்லப்போவதில்லை.

வேலிக்கு மேல் மக்சிக்கின் தலை தெரிந்தது. "வந்துட்டியா? உன் மாமியார் தினமும் கூப்பிடுறாங்க. கறுப்பனுக்குச் சாப்பாடு போட்டியான்னு. நான் மறக்கிறதே இல்லை."

குளத்துத் திட்டில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டேன். அத்தையே எடுத்தார்.

"அத்தை, பம்பு ஓடுது."

"ஓம்."

"ஒரு மீன் இருக்கு."

"ஓம்." பிறகு, "உயிருள்ளது ஒண்டு வீட்டில இருந்தா, வீடு பூட்டினதாகாது, தம்பி. திரும்பி வாறவைக்கு அது இருக்கும்" என்றார்.

எனக்கு எல்லாம் புரிந்தது. வலையில் வந்தது ஒன்பது. மூடின ஜிப். வெறும் அலமாரி. திரும்பிப் போக ஒரு வழியை அத்தை ஓடவிட்டே வந்திருக்கிறார்.

"அத்தை, மேட் மொத்தத்தையும் எடுத்தாத்தான் அங்க போதும். எடுத்துட்டா இங்க கறுப்பன் தாங்காது."

"தெரியும்."

"வேணும்னா கொஞ்சம் மட்டும் எடுத்துட்டு, பம்பை ஓடவிட்டு வரட்டா? இங்கயும் இருக்கட்டும்."

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எங்கள் குளத்தோரம் நிற்கிறார் என்று தெரிந்தது. தூரத்தில் என் மனைவி, "அம்மா, வெயில்ல நிக்காதேங்கோ, நான் ஊத்துறன்" என்றாள். என்னோடு பேசும்போது வராத யாழ்ப்பாணத் தமிழ் அவளுக்கு அம்மாவிடம் மட்டும் வரும்.

"எட்டும் மேல வந்து வாயத் திறக்குது, தம்பி" என்றார் அத்தை. "இவள் சாப்பிடேல்லை."

கறுப்பன் என் கால் நிழலில் வந்து நின்றது.

"எல்லாத்தையும் எடுங்கோ. கறுப்பனையும் ஏத்துங்கோ." பிறகு, "முதல்ல பம்ப நிப்பாட்டிப்போட்டுக் கையை வையுங்கோ. இல்லாட்டிக் கரண்ட் அடிச்சுப்போடும்."

சுவிட்ச் பின்கதவுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மழைக்கு மறைத்து வைத்திருந்தது. ஆயுத பூஜையன்று யோசிக்காமல் ஒரு பம்பை நிறுத்தியவன், இந்தச் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். மக்சிக், "என்னடா, ஷாக் அடிச்சிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்துவிட்டு அழுத்தினேன்.

மேட்டுகளைக் குளத்துத் தண்ணீரிலேயே நனைத்தபடி பீப்பாயில் அடுக்கினேன். நடுவில் கறுப்பன். ஏர் பம்பு குறட்டை விட்டுக்கொண்டு வந்தது. வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் அத்தையும் மனைவியும் நின்றார்கள். மூவருமாக மேட்டுகளை இரண்டாவது டிரம்மில் இறக்கினோம். அத்தை குனிந்து முகர்ந்து பார்த்தார். "இப்ப மணக்குது" என்றார். பிறகு பம்பின் மேல் காய்ந்து கிடந்த என் குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போய், என்ன நினைத்தாரோ, துடைக்காமல் விட்டுவிட்டார்.

அடுத்த நாட்களிலும் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தோம். தவுக்கே கடையின் சின்னக் குழாயில் கரும்பச்சை வெளிறி, ஒரு நாள் மஞ்சளாகவே நின்றது. மீன்கள் துடுப்பை விரித்தன. அதற்குப் பிறகும் காலையில் சமையலறையில் இருந்தாலும் என் காது அத்தையின் அறைப் பக்கமே இருந்தது. ஒரு காலையில் ஜிப் சத்தம் நெடுநேரம் கேட்டது, அதன்பின் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. மனைவி அடுப்பை அணைக்க மறந்து நின்றாள், இடியாப்பத்துக்கு வைத்த தண்ணீர் வற்றிப்போனது.

செத்தது ஒரு மஞ்சள் மீன். மற்ற எட்டும் கறுப்பனும் இருக்கின்றன. தங்காக் பம்பை நிறுத்தியது நான். நிறுத்தச் சொன்னது அத்தை.